கரையில் நின்று பார்த்தால்: ஆஸ்திரேலியாவின் காலனிக் கதையைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியின் மேற்குப் பகுதியில் மழலையர் கல்வியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியிலும் வகுப்பெடுக்கிறேன். இரண்டு இடங்களிலும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே பதில்களை எழுதியுள்ளேன். நான் வாழும் மண் டாருக் என்னும் பூர்வகுடி மக்களுடையது என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சிட்னியைச் சேர்ந்தவை. மறைந்த பூர்வகுடி மக்கள் சிலரின் பெயர்களும் இதில் வருகின்றன; அவற்றைக் கேட்பது பூர்வகுடிக் குடும்பங்கள் பலவற்றுக்கு வேதனை தரக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு சிறிய பிள்ளைகளுக்கு இந்தக் கதை தேவைதானா? கொஞ்சம் வளர்ந்த பிறகு சொல்லக் கூடாதா?

நாம் சொல்லாவிட்டாலும் பிள்ளைகள் பாதிக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜனவரியில் கடைகளில் தொங்கும் கொடிகள், பூங்காவில் நிற்கும் சிலை, கப்பலும் கொடியும் போட்ட வண்ணம் தீட்டும் தாள் எல்லாமே அவர்களுக்கு ஒரு கதையைச் சொல்கின்றன. யாருமில்லாத ஒரு நாட்டுக்குத் துணிச்சலான சிலர் கப்பலில் வந்தார்கள் என்பதே அந்தக் கதை. ஐந்து வயதில் மனத்தில் பதிந்ததைப் பதினைந்து வயதில் மாற்றுவது கடினம் என்பதை என்னையே வைத்துச் சொல்வேன். "ஆஸ்திரேலியாவைக் கண்டுபிடித்தவர் யார்? கேப்டன் குக்" என்று பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்த வரியை உதறுவதற்கு, இந்த நாட்டுக்கு வந்த பிறகும் எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

பிள்ளைகளால் இதைத் தாங்க முடியுமா என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் நீதி, அநீதி பற்றி மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த அளவு நம்மில் பலருக்குத் தெரியாது. "கேட்காம எடுத்துட்டான்" என்பது மழலையர் பள்ளியில் நான் நாள்தோறும் கேட்கும் புகார். இந்தக் கதையைப் புரிந்துகொள்வதற்கு வேண்டிய அடிப்படை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மழலையர் கல்விக்கான தேசியச் சட்டகம் 2009-இல் வெளிவந்தது. 2022-இல் அது திருத்தப்பட்டபோது, பூர்வகுடி மக்களின் பார்வை ஒரு தனிக் கோட்பாடாகவே சேர்க்கப்பட்டது. ஆகவே உங்கள் பிள்ளை படிக்கும் இடத்தில் இந்தப் பேச்சு ஏதோ ஒரு வகையில் நடந்துகொண்டிருக்கும். வீட்டில் அதைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்பதுதான் நம் கையில் உள்ளது.

"பூர்வகுடி மக்களின் பார்வையில்" என்றால் என்ன? வரலாறு ஒன்றுதானே?

நடந்தது ஒன்றுதான், ஆனால் அதை எங்கே நின்று பார்க்கிறோம் என்பது முக்கியம். கப்பலின் மேல்தளத்தில் நின்றால் புதிய கரை ஒன்று தெரியும். கரையில் நின்றால் தெரிவது, முன்பின் அறியாத ஒரு கப்பல்.

1770 ஏப்ரல் 29 அன்று ஜேம்ஸ் குக்கும் அவருடைய ஆட்களும் சிட்னிக்குத் தெற்கே, இன்று பாட்டனி பே எனப்படும் கமே விரிகுடாவில் படகில் இறங்க வந்தனர். குவீகல் மக்களைச் சேர்ந்த இரண்டு ஆண்கள் கையில் ஈட்டியுடன் கரையில் நின்று, இறங்கக் கூடாது என்று உரக்கக் கூவித் தடுத்தார்கள். படகிலிருந்து துப்பாக்கியால் சுட்டதில் ஒருவர் காயமடைந்தார். இறங்கியவர்கள் குடிசைகளுக்குள் புகுந்து பார்த்து, அங்கிருந்த நாற்பது ஐம்பது ஈட்டிகளை அள்ளிச் சென்றார்கள். இவையெல்லாம் வந்தவர்களே தங்கள் நாட்குறிப்புகளில் எழுதி வைத்தவை. புதிய நிலத்தில் வசதியான இடங்களை அங்குள்ள மக்களின் சம்மதத்துடன் கைக்கொள்ள வேண்டும் என்று குக்குக்கு பிரிட்டிஷ் அரசு இரகசிய ஆணை கொடுத்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று அவர் கிழக்குக் கரை முழுவதையும் மன்னர் பெயரில் அறிவித்தபோது யாருடைய சம்மதத்தையும் பெறவில்லை.

கப்பலில் நின்று எழுதியவர்கள் அந்த இரண்டு பேரை எதிர்ப்பாளர்கள் என்றார்கள். கரையில் நின்றால் அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நிற்பவர்கள். பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது இந்த இடமாற்றத்தைத்தான்.

தமிழில் எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது?

"கண்டுபிடித்தார்" என்ற சொல்லை விட்டுவிடுங்கள், "வந்தார்" போதும். "குடியேறினார்கள்" என்பதை மட்டும் சொன்னால், வெற்று மனைக்குக் குடிபோனது போன்ற எண்ணம் வரும். "அங்கே இருந்தவர்களைக் கேட்காமல் வந்து தங்கி, நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்" என்பது நீளமாக இருந்தாலும் நான்கு வயதுப் பிள்ளைக்கு முழுமையாகப் புரியும். காலனியாக்கம், குடியேற்றவாதம் போன்ற சொற்கள் எட்டு வயதுக்குப் பிறகு வரட்டும்.

மக்களைக் குறிக்க "பூர்வகுடி மக்கள்" என்பதையே நான் பயன்படுத்துகிறேன். "ஆதிவாசி", "காட்டுவாசி" என்ற சொற்களை நம் வீடுகளில் யாரும் இழிவுபடுத்தும் எண்ணத்துடன் சொல்வதில்லை என்றாலும், அவற்றோடு நம் ஊரின் ஏளனமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. முடிந்தபோதெல்லாம் மக்களின் சொந்தப் பெயரையே சொல்லுங்கள்: டாருக், கடிகல், குவீகல், மெல்பர்ன் பக்கம் உருஞ்சரி. ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு அப்பால் உள்ள டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் வேறு என்பதும், அவர்களுக்குத் தனிப் பண்பாடும் தனிக் கொடியும் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

இங்கே பூர்வகுடி மக்கள் "கன்ட்ரி" என்று சொல்லும்போது மண், நீர், வானம், உயிர்கள், முன்னோர், கடமை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறார்கள். அதற்கு ஈடான ஒற்றைச் சொல்லைத் தமிழில் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். சோழ நாடு, கொங்கு நாடு என்னும்போது "நாடு" என்ற சொல்லுக்கு இருந்த பழைய பொருள் ஓரளவு துணை செய்கிறது. ஒரே கண்டத்தில் பல நாடுகள், ஒவ்வொன்றுக்கும் எல்லை, மொழி, மக்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். 1788-இல் இந்த மண்ணில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன.

கதையை எங்கிருந்து தொடங்குவது?

கப்பலிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் முதல் பக்கத்தில் வந்துவிட்டால், பூர்வகுடி மக்கள் தோற்றுப்போனவர்களாக மட்டுமே பிள்ளையின் மனத்தில் நுழைவார்கள். இழப்பு எவ்வளவு பெரியது என்பது, என்ன இருந்தது என்று தெரிந்தால்தான் விளங்கும். என் வகுப்பில் கப்பல் வருவதற்கு முன்பே இரண்டு மாதங்கள் ஓடிவிடும்.

அந்த இரண்டு மாதங்களை ஊர்ப் பெயர்களோடு தொடங்குவேன். பரமட்டா என்ற பெயரில் இருப்பது விலாங்கு மீன். விலாங்குகள் உள்ள இடம் என்று அதற்குப் பொருள். அந்த ஊரின் ரக்பி அணிக்கு ஏன் விலாங்கின் பெயர் என்பது புரிந்த நாளில் ஒரு பையன் தன் அப்பாவுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று வாசலில் காத்திருந்தான். டூங்காபியும் டாருக் சொல்தான். வாலபி, வாம்பட், டிங்கோ, கோவாலா ஆகிய பெயர்கள் சிட்னிப் பகுதி மொழியிலிருந்து வந்தவை. கங்காரு தொலைவிலிருந்து, குயின்ஸ்லாந்தின் வடக்கே குகு யிமிதிர் மக்களின் மொழியிலிருந்து வந்தது. நம் பிள்ளைகள் பூர்வகுடி மொழிகளை ஏற்கெனவே கொஞ்சம் பேசுகிறார்கள் என்பதே அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி.

பிறகு நவி. மரப்பட்டையை ஒரே துண்டாக உரித்து, இரு முனைகளையும் கட்டிச் செய்யும் சிறு ஓடம் அது. சிட்னித் துறைமுகத்தில் அதில் ஏறி மீன்பிடித்தவர்கள் பெண்கள். சங்குச் சிப்பியைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பிறை வடிவத் தூண்டில் முள் செய்தார்கள். மரப்பட்டை நாரை முறுக்கிக் கயிறு செய்தார்கள். ஓடத்தின் நடுவில் களிமண் மேடை போட்டுத் தீ மூட்டி, பிடித்த மீனை அங்கேயே சுட்டார்கள். குழந்தையும் கூடவே ஓடத்தில் இருக்கும். "தண்ணி மேல நெருப்பா?" என்று பிள்ளைகள் வாய்பிளக்கும் அந்த நேரத்தில், அந்த அம்மாக்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள்.

விக்டோரியாவில் இருப்பவர்கள் பட்ஜ் பிம்மிலிருந்து தொடங்கலாம். அங்கே குன்டிஜ்மாரா மக்கள் எரிமலைக் கற்களை அடுக்கிக் கால்வாயும் குட்டையும் அமைத்து விலாங்கு வளர்த்தார்கள். குறைந்தது 6,600 ஆண்டுப் பழமையுள்ள அந்த அமைப்பு 2019-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

சரி, கப்பல் வந்த கதையை எப்படிச் சொல்வது?

நான் சொல்வது ஏறத்தாழ இப்படி இருக்கும்: "ஒரு நாள் பெரிய பெரிய கப்பல்கள் வந்தன. மொத்தம் 11. அதில் வந்தவர்கள் இங்கே தங்கலாமா என்று யாரையும் கேட்கவில்லை. மரங்களை வெட்டினார்கள். மீன்களை நிறையப் பிடித்தார்கள். இது எங்கள் இடம் என்றார்கள். இங்கே இருந்தவர்கள் வருத்தப்பட்டார்கள், கோபப்பட்டார்கள். சிலர் எதிர்த்துப் போராடினார்கள்." அது 1788 ஜனவரி, ஆண்டை ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொன்னால் போதும். வந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்துச் சிறைகளிலிருந்து வலுக்கட்டாயமாக அனுப்பப்பட்டவர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். துன்பப்பட்டவர்களும் பிறருக்குத் துன்பம் செய்யக்கூடும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உண்மைதான்.

பூர்வகுடி மக்கள் என்ன நினைத்தார்கள் என்று நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. பட்யெகரங் என்ற இளம்பெண், ஏறக்குறைய 15 வயது இருக்கலாம், 1790-91-இல் வில்லியம் டாவ்ஸ் என்ற இளம் அதிகாரிக்குத் தன் மொழியைக் கற்றுக்கொடுத்தாள். அவர் எழுதி வைத்த குறிப்பேடுகள் லண்டனில் இன்றும் இருக்கின்றன. உங்கள் மக்கள் ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்று அவர் கேட்டபோது, வெள்ளையர்கள் இங்கே தங்கிவிட்டதால் என்றாள் அவள். ஏன் பயப்படுகிறார்கள் என்றதற்கு, துப்பாக்கிகளால் என்றாள். சுற்றி வளைக்காத பதில்கள். பிள்ளைகளிடம் அப்படியே சொல்லலாம்.

அதே குறிப்பேட்டில் "புடுவா" என்று ஒரு சொல் இருக்கிறது. தன் கையை நெருப்பில் காட்டிச் சூடாக்கி, அந்தச் சூட்டோடு மற்றவரின் விரல்களை மெல்ல அழுத்துவதற்கு அந்த மொழியில் தனியாக ஒரு வினைச்சொல். குளிர்காலக் காலையில் பிள்ளைகள் உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். இப்படி ஒரு சொல்லை வைத்திருந்தவர்களிடம்தான் துப்பாக்கியோடு வந்தார்கள் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்கத் தேவையே இருந்ததில்லை.

எதிர்த்தவர்களையும் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். பிஜிகல் மக்களைச் சேர்ந்த பெமல்வோய் 1790 முதல் 1802-இல் சுட்டுக் கொல்லப்படும் வரை தன் மண்ணுக்காகப் போராடினார். மேற்கு சிட்னியில் நம் குடும்பங்கள் பல வசிக்கும் பகுதிக்கு அருகிலேயே அவர் பெயரில் ஒரு புறநகர் இருக்கிறது. பேருந்தின் நெற்றியில் அந்தப் பெயரைப் பார்க்கும் பிள்ளைக்கு அது யாருடைய பெயர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

படுகொலைகளைப் பற்றிச் சொல்லலாமா?

ஐந்து வயதுக்குள் வேண்டாம். "பலர் காயப்பட்டார்கள், பலர் இறந்தார்கள்" என்பதுவரை சொல்லி, பிள்ளை மேலும் கேட்டால் கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். 1789-இல் பரவிய பெரியம்மை சிட்னியைச் சுற்றியிருந்த மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரைக் கொன்றது என ஆளுநர் ஆர்தர் பிலிப் மதிப்பிட்டார். கொரோனாக் காலத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைகளுக்கு நோயின் கதை எளிதில் விளங்குகிறது. ஆனால் எல்லாரும் நோயால்தான் போனார்கள் என்ற இடத்தில் நிறுத்திவிடக் கூடாது. ஏழெட்டு வயதில் "துப்பாக்கியால் கொன்றார்கள், குழந்தைகளையும்கூட" என்று சொல்லலாம். 1816-இல் ஆப்பினிலும் 1838-இல் மயால் க்ரீக்கிலும் நடந்தவற்றின் விவரங்கள் பெரியவர்களாகிய நமக்கு. முதலில் நாம் படித்துவிட வேண்டியவை.

வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பொம்மைகளை மறு பாதியினரைப் பிடுங்கச் சொல்லி "இப்படித்தான் இருந்தது" என்று காட்டும் விளையாட்டு சில இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிடுங்கும் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகிவிடுகிறது. வகுப்பில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைக்கு அது விளையாட்டே அல்ல.

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிக் கேட்டால்?

இதுதான் எனக்கு மிகக் கடினமான கேள்வி. 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளை அரசும் தேவாலய அமைப்புகளும் குடும்பங்களிலிருந்து பிரித்து விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தன. பத்தில் ஒரு குழந்தை முதல் மூன்றில் ஒரு குழந்தை வரை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட விசாரணை அறிக்கை கூறியது. நியூ சவுத் வேல்ஸில் 1915-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நீதிமன்றத்துக்குப் போகாமலேயே குழந்தையை எடுத்துச் செல்ல முடிந்தது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, 1814-இல் ஆளுநர் மக்குவாரி பரமட்டாவில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அது 1823-இல் இடம் மாறிய பகுதிதான் இன்றைய பிளாக்டவுன். அந்த இடம் 2018-இல் டாருக் மக்களிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

பிள்ளையிடம் சொல்லும்போது காரணத்தை மென்மையாக்க முயன்று தவறு செய்துவிடுகிறோம். "அவர்கள் ஏழைகள்", "நல்ல பள்ளிக்காக" என்று சொன்னால், அம்மா அப்பாவிடம் குறை இருந்தால் பிள்ளையை எடுத்துப் போய்விடுவார்கள் என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். என் வகுப்பில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இதை எங்கோ அரைகுறையாகக் கேட்டுவிட்டு, ஒரு வாரம் முழுவதும் தன் தாயின் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினாள் என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னார். அதன் பிறகு மூன்று செய்திகளை எப்போதும் சேர்த்தே சொல்கிறேன். அந்த அம்மாக்கள் நல்ல அம்மாக்கள். தங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். அப்படி எடுத்துச் செல்லச் சட்டம் போட்டவர்கள் செய்தது தவறு. அதற்காக 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உன்னை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இன்றும் பூர்வகுடிக் குழந்தைகள் அவர்கள் எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவில் காப்பக முறையில் இருப்பதால், எல்லாத் தாய்மாராலும் அதை ஒரே உறுதியோடு சொல்ல முடியாது. இந்தக் கதையைப் படுக்கை நேரத்தில் சொல்லவே வேண்டாம்.

ஜனவரி 26 அன்று என்ன செய்வது? அது நம் குடியரசு தினமும் அல்லவா?

இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களில் இந்தக் குழப்பம் உண்மையாகவே எழுகிறது. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். இந்தியாவில் அது 1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். இங்கே அது ஆஸ்திரேலியா தினம், 1788-இல் ஆர்தர் பிலிப் கடிகல் மக்களின் கரையில் கொடி ஏற்றிய நாள். ஒரே தேதியில் ஒரு நாடு தன்னாட்சியைக் கொண்டாடுகிறது. மற்றொரு நாட்டில் தன்னாட்சி பறிபோனது நினைவுகூரப்படுகிறது.

1938-இல், 150-ஆம் ஆண்டுக் கொண்டாட்டம் சிட்னித் தெருக்களில் நடந்த அதே நாளில், ஜாக் பாட்டன், வில்லியம் ஃபெர்குசன், வில்லியம் கூப்பர் முதலிய பூர்வகுடித் தலைவர்களும் நூற்றுக்கு நெருக்கமானவர்களும் ஓர் அரங்கில் கூடி அதைத் துக்க நாளாக அறிவித்தார்கள். ஆகவே எதிர்ப்பு அண்மைக்காலத்துப் புதுவழக்கம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாநிலங்கள் எல்லாவற்றிலும் அதே தேதியில் ஒரே சீராக விடுமுறை விடும் வழக்கம்தான் 1994-இல் வந்தது. எங்கள் வீட்டில் அன்று பட்டாசு பார்க்கப் போவதில்லை. சிட்னியின் விக்டோரியா பார்க்கில் பூர்வகுடி மக்கள் நடத்தும் யாபுன் விழாவுக்குப் போய், அவர்கள் பாடுவதைக் கேட்டுவிட்டு வருகிறோம்.

புள்ளி ஓவியம் வரைய வைப்பதும் பூமராங் செய்ய வைப்பதும் நல்லதுதானே?

வேண்டாம் என்பேன். அந்தப் புள்ளி ஓவிய முறை மேற்குப் பாலைவனப் பகுதியைச் சேர்ந்தது. அதில் வரும் கதைகள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியவை. யார் வரையலாம் என்பதற்கு முறை உண்டு. சிட்னிப் பிள்ளை பஞ்சுக் குச்சியால் புள்ளி வைத்துக் கற்றுக்கொள்வது ஒன்றுமில்லை. பூர்வகுடி ஓவியர் ஒருவரே வந்து சொல்லித்தந்தால் அது வேறு. அவர் நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுங்கள். புத்தகம் வாங்கும்போதும் எழுதியவரும் வரைந்தவரும் எந்த மக்களைச் சேர்ந்தவர்கள் என்று பின்னட்டையில் பாருங்கள்.

நாமும் வெள்ளையர் ஆட்சியில் இருந்தவர்கள்தானே. நம் கதையோடு ஒப்பிட்டுச் சொல்லலாமா?

தொடக்கமாகச் சொல்லலாம். தாத்தா பாட்டி காலத்துக் கதை வீட்டில் இருந்தால் அதுவே நல்ல வாசல். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது: 1947-இல் இந்தியாவிலிருந்தும் 1948-இல் இலங்கையிலிருந்தும் ஆட்சி செய்தவர்கள் போய்விட்டார்கள். இங்கே வந்தவர்கள் போகவில்லை. "அவங்க எப்ப திரும்பிப் போனாங்க?" என்று பிள்ளை கேட்கும், போகவில்லை என்பதே பதில். இந்த நிலம் யாருக்கும் உரியதாக இருக்கவில்லை என்ற சட்டப் பொய்யை உயர் நீதிமன்றம் மறுத்ததே 1992 ஜூன் 3 அன்றுதான். டோரஸ் நீரிணையில் உள்ள மேர் தீவைச் சேர்ந்த எடி கொய்கி மாபோவும் அவருடன் நின்றவர்களும் பத்தாண்டுகள் நடத்திய வழக்கு அது. தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் இறந்துவிட்டார்.

போரினால் வீடும் காணியும் இழந்து வந்த ஈழத்துப் பெற்றோர் இந்தக் கதையைச் சொல்லும்போது அவர்கள் குரலே வேறாக இருப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவம் பிள்ளையைப் பூர்வகுடி மக்களிடம் நெருங்க வைக்கும். பேச்சு முழுவதும் நம்மைப் பற்றியதாக மாறிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூர்வகுடி மக்கள் உண்மையில் தமிழர்களே, குமரிக் கண்டத்திலிருந்து போனவர்கள் என்கிறார்களே?

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். நவி என்ற சொல்லைக் கேட்டவுடன் நாவாய் நினைவுக்கு வருவது இயல்பு; எனக்கும் வந்தது. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவாகிவிடாது. தமிழுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் இனவுறவு உண்டு என்பதை மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. அதைவிட முக்கியமானது வேறொன்று. இந்த மக்களின் நிலம், குழந்தைகள், மொழி, ஈட்டி எல்லாம் எடுக்கப்பட்டுவிட்டன. தாங்கள் இந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தோற்றக் கதையையும் நம் பெருமைக்காக நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று பிள்ளை கேட்டால்?

எங்கள் மையத்தில் காலையில் பிள்ளைகள் குனிந்து இரு கைகளாலும் தரையைத் தொட்டு டாருக் மக்களுக்கு நன்றி சொல்வார்கள். மூன்று மாதம் இப்படிச் சொன்ன பிறகு ஒரு நான்கு வயதுப் பையன் கேட்டான்: "டாருக் யாரு? அவரு எப்ப வருவாரு?" தவறு எங்களுடையது. பெயரை ஓதவைத்தோமே தவிர ஒரு மனிதரையும் காட்டவில்லை. அடுத்த மாதம் டாருக் மூத்தவர் ஒருவரை அழைத்தோம். பூர்வகுடி மூத்தவர்களை இங்கே ஆன்ட்டி, அங்கிள் என்று முறை சொல்லித்தான் அழைப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அது பழகியதுதான். அவர் வந்து அமர்ந்து, தன் பேரப்பிள்ளைகளின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அதில் ஒருத்தி கால்பந்துச் சீருடையில் இருந்தாள்.

2021 கணக்கெடுப்பின்படி 8 லட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்களைப் பூர்வகுடி மக்கள் அல்லது டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் எனப் பதிந்திருக்கிறார்கள். மாநிலங்களில் நியூ சவுத் வேல்ஸிலேயே அவர்கள் மிகுதி. மருத்துவர், செவிலியர், பேருந்து ஓட்டுநர், ஆசிரியர் என்று பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே "இருந்தார்கள்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் "இருக்கிறார்கள்" என்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் பூர்வகுடிப் பிள்ளை இருந்தால், "நீ சொல்லு" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். அந்தக் குடும்பத்திடம் முன்கூட்டியே பேசுங்கள்.

கதையை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? பிள்ளை சோர்ந்துபோகாதா?

குக்கின் ஆட்கள் அள்ளிச் சென்ற ஈட்டிகளில் நான்கு மட்டும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு உரியவையாக இருந்தன. பாட்டனி பே கரையிலுள்ள லா பெரூஸ் பூர்வகுடிச் சமூகம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. 2024 ஏப்ரலில் அந்த நான்கையும் கல்லூரி அவர்களிடமே நிரந்தரமாகத் திருப்பிக் கொடுத்தது. 254 ஆண்டுகள். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது என்ன என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அது எவ்வளவு தாமதமாக நடந்தது என்பதும் தெரிகிறது. "மிச்ச ஈட்டி?" என்று உடனே கேட்டார்கள். நாற்பது ஐம்பதில் நான்கு போக மீதியைக் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டு எண்ணினோம்.

"அப்போ நம்ம வீடு யாரோடது?" என்று என் மகள் கேட்டாள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

என் மகளும் இதையே கேட்டாள், ஆறு வயதில், சாப்பாட்டு மேசையில். வீட்டை நாம் பணம் கொடுத்து வாங்கினோம், ஆனால் இந்த நிலத்தை முதன்முதலில் விற்றவர் டாருக் மக்களிடம் கேட்டு வாங்கவில்லை என்றேன். "நமக்குத் தெரியும்ல, அப்ப ஏன் வாங்கினோம்?" என்றாள். வாங்கும்போது நான் அதை நினைக்கவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். பிள்ளைமேல் குற்றவுணர்வை ஏற்றத் தேவையில்லை; அவள் எதையும் எடுக்கவில்லை. ஆனால் பெரியவர்களுக்குப் பதில் தெரியாத கேள்வி ஒன்று வீட்டில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிவதில் தவறில்லை.

அன்று இரவு தஞ்சாவூரிலிருந்து என் அம்மா வீடியோவில் பேசினார். "பாட்டி, நாங்க டாருக் நாட்டுல இருக்கோம்" என்றாள் மகள். அது எந்த ஊர்ப் பக்கம் என்று பாட்டி கேட்டார்.

"விலாங்கு ஊருக்குப் பக்கத்துல."